வெறும் வளவுல கொட்டிக் கிடக்கிற டயரும் நஞ்சுக் கழிவும்: இன்னொருத்தர்ட காணிக்குப் போகாம அகற்றுறது எப்படி

வேலி விழுந்த வெறும் வளவு ஒண்டு இருந்தாப் போதும், மட்டக்களப்புலயும் சரி கல்முனை அக்கரைப்பற்றுப் பக்கமும் சரி, அது தானா குப்பைமேடாகிரும். சொந்தக்காரர் சுவிஸிலயோ கட்டாரிலயோ இருப்பாரு, முதல்ல யாரோ ராவோட ராவா ஒரு மூட்டை தேங்கா மட்டையக் கொண்டு வந்து போடுவாங்க, அதப் பாத்துட்டு அடுத்த மாசம் நாலு பழைய டயர், மறுகா ஏதோ ஒரு கராஜ்ல இருந்து கழிவொயில் கேன், உடைஞ்ச அஸ்பெஸ்டஸ் சீட், செத்த பெட்டரி, வயலுக்கு அடிச்ச மருந்துப் போத்தல் எண்டு ஒண்டுக்கு மேல ஒண்டா வந்து சேரும். ஒரு வருசம் கழிச்சு ஊருக்கு வாற சொந்தக்காரர் வளவத் தேடணும்.

இதக் கண்ட உடன நம்மட ஆக்கள் செய்யிற வேலை என்னெண்டா ஒரு லேண்ட்மாஸ்டர்காரர, அதான் ரெண்டு சில்லு ட்ரெக்டர் ஓட்டுற ஆளப் புடிச்சு, தம்பி இத எங்கயாவது கொண்டு போய்ப் போட்டிரு எண்டு காசக் குடுக்கிறதுதான். அந்த எங்கயாவது எங்க எண்டு யாரும் கேக்கிற இல்ல. வாவிக் கரையில கண்டலுக்குள்ள, வாவிக்கு மேற்கால இருக்கிற படுவான்கரைக்குப் போற ரோட்டோரப் பத்தைக்குள்ள, இல்லாட்டி உங்களப் போலவே வெளிநாட்டுல இருக்கிற இன்னொரு ஆள்ட வளவுக்குள்ள. அதால நான் இஞ்ச சொல்ல வாறது ஒரே விசயம்தான், உங்கட வளவ விட்டு வெளிக்கிடுற ஒவ்வொரு சாமானும் கடைசியா எங்க போய் இறங்குது எண்டு தெரியாம ஒண்டையும் ஏத்த விடாதீங்க. டயருக்கு ஒரு வழி, பெட்டரிக்கு ஒரு வழி, ஓயிலுக்கு வேற வழி. எல்லாத்தையும் ஒரே லோட்ல ஏத்தினா அது சட்டப்படி போக ஒரு இடமும் இல்ல.

எங்கட ஊர்ல இது ஏன் இவ்வளவு முக்கியம் எண்டா எழுவான்கரை முழுக்க கடலுக்கும் வாவிக்கும் இடையில கிடக்கிற மணல் பூமி, களுவாஞ்சிகுடியில இருந்து கல்லடி தாண்டி ஏறாவூர் வரைக்கும் கொஞ்ச அடி தோண்டினாலே தண்ணி வந்திரும். கிணறு தோண்ட அது நல்லம்தான், ஆனா மேல ஊத்துற எதுவும் அதே சுகத்துல கீழ இறங்கிரும். களிமண் நிலத்துல கழிவொயில் ஊத்தினா ஒள்ளுப்பம் தங்கி நிக்கும், மணல்ல நிக்காது. அந்த மூலையில ஊத்தினது நாலு வளவு தள்ளி இருக்கிற வீட்டுக்காரர்ட கிணத்துல வாசமா வரும். குழாய்த் தண்ணி குடிக்கிறமே நமக்கென்ன எண்டும் சொல்ல ஏலாது, டவுனுக்கு வாற அந்தத் தண்ணியே திறந்து கிடக்கிற உன்னிச்சைக் குளத்துத் தண்ணிதான், அந்தப் பக்கம் கொட்டினா அதுக்குள்ளதான் இறங்கும்.

கை வெக்க முதல்

குப்பையக் கண்ட ஆத்திரத்துல உடன மண்வெட்டியத் தூக்காதீங்க. முதல்ல சுத்தி நடந்து போட்டோ எடுங்க, டயர் எத்தனை, கேன் எத்தனை, பெரல் இருக்கா, லேபிள் தெரியுதா எண்டு கிட்டப் போகாமலே எடுக்கலாம். வந்த பாதையையும், மெசின் பெட்டி (ட்ரெக்டர் இழுக்கிற பெட்டி) வந்த டயர்த் தடம் இருந்தா அதையும் எடுங்க. கொட்டினதுக்குள்ள பில்லுத் துண்டு, கடை பேர் போட்ட பெட்டி ஏதாவது கிடந்தா அத எறிய வேணாம், தனிய ஒரு பேக்ல போட்டு வெச்சா பொலிசுக்கு உதவும்.

டயர்க் குவியல் எண்டா பாம்பு இருக்கு எண்டே நினைச்சுக் கொள்ளுங்க. விரியனுக்கு அத விட நல்ல வீடு கிடைக்காது, நிழல், ஈரம், எலியும் உள்ளயே ஓடும். கம்பூட்ஸ், தடிச்ச கிளவுஸ், நீளக் கை சேட் இல்லாம இறங்காதீங்க, டயருக்குள்ள கைய விடாம கம்பால அல்லது கொக்கியால இழுத்துப் புரட்டுங்க. சின்னப் புள்ளைகள அந்தப் பக்கம் விடவே வேணாம்.

இன்னொண்டு, இத எழுதத்தான் வேணும். மட்டக்களப்பு மாவட்டத்த 2017ல மிதிவெடி இல்லாத மாவட்டம் எண்டு அறிவிச்சாங்க, அது பெரிய விசயம்தான், ஆனாலும் காட்டுப் பக்கக் காணியிலயும் பழைய கேம்ப் இருந்த இடத்துப் பக்கமும் துரு ஏறின, செட்டை வெச்ச, உருண்டையான இரும்பு ஏதாவது கண்டா அது இரும்பு யாவாரிக்குப் போற சாமான் இல்ல. தொடாம, தட்டிப் பாக்காம, அந்த இடத்துல ஒரு கம்பு நட்டு அடையாளம் வெச்சிட்டு 119க்கு அடிங்க. அண்டைக்கு வேலைய நிப்பாட்டிப் போட்டு வீட்ட போங்க.

யாருக்குச் சொல்ற

கிராம சேவகருக்கும் பிஎச்ஐக்கும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) நீங்களே முந்திக்கொண்டு சொல்றது நல்லம். ஏனெண்டா 2007ம் ஆண்டு 11ம் இலக்க நுளம்பு பெருகுறதத் தடுக்கிற சட்டப்படி வளவுல நுளம்பு பெருக விடாமப் பாக்கிற பொறுப்பு காணிச் சொந்தக்காரருக்கு அல்லது அங்க இருக்கிறவருக்குத்தான். யாரோ வந்து கொட்டிட்டுப் போனாங்க சேர் எண்டு சொல்லலாம், ஆனா டயருக்குள்ள குடம்பி (நுளம்புப் புழு) நெளிஞ்சா நோட்டீஸ் வாறது உங்கட பேருக்கு. பிஎச்ஐ வந்து கண்டுபிடிக்க முதல் நீங்க போட்டோவோட போய்ச் சொன்னா அதே ஆள் உங்களுக்கு உதவி செய்யிற ஆளாகிருவாரு, பிரதேச சபைக்கு அல்லது மாநகர சபைக்கு அவர் ஒரு வார்த்த சொன்னா அது நீங்க நாலு தரம் நடக்கிறதுக்குச் சமன்.

பொலிசில ஒரு என்ட்ரி போட்டு வைங்க. யார் கொட்டினது எண்டு தெரியாட்டியும் பரவாயில்ல, நாளைக்கு யாராவது இத நீங்கதான் சேத்து வெச்சிருக்கிறீங்க எண்டு சொன்னா அந்த என்ட்ரி கை குடுக்கும். சொந்தக்காரர் வெளிநாட்டுல எண்டா, இஞ்ச வேலை பாக்கிற உறவுக்காரருக்கு ஒரு அதிகாரக் கடிதம் அனுப்பிவிடச் சொல்லுங்க, இல்லாட்டி ஒவ்வொரு கந்தோர்லயும் நீங்க யாரு எண்ட கேள்விக்கே பதில் சொல்லிக் கொண்டிருக்கணும்.

ரசாயனப் பெரல், கனக்க பெட்டரி, கனக்க ஓயில், ஆஸ்பத்திரிக் கழிவு எண்டு கிடந்தா அது சபைட வேலையத் தாண்டினது. மத்திய சுற்றாடல் அதிகார சபைக்குப் போகணும், பிரதேச செயலகத்துல சுற்றாடல் உத்தியோகத்தர் இருப்பாரு, அவர்ல தொடங்குறது லேசு, இல்லாட்டி 1981க்கு அடிச்சு முறைப்பாட்டப் பதியலாம். 2008ல வந்த 1534/18 வர்த்தமானிப்படி இப்படியான ஆபத்தான கழிவுகள எடுக்கிற, ஏத்துற, சேத்து வெக்கிற, மீள்சுழற்சி செய்யிற ஆளுக்கு அதிகார சபைட லைசன்ஸ் வேணும். யார்ட லைசன்ஸ் இருக்கு எண்டு அங்கயே கேளுங்க, ரோட்டுல கண்ட ஆளிட்டக் கேக்காதீங்க.

பிரிக்கிற வேலை

நிழலான, மேடான, கிணத்துல இருந்து தூரமான ஒரு இடத்துல தடிச்ச பொலித்தீன் விரிங்க. அதுல ஒவ்வொரு சாதிக்கும் ஒவ்வொரு குவியல். இரும்பும் போத்தலும் பிளாஸ்டிக்கும் யாவாரி வந்து எடுப்பாரு, மட்டை கிளை இலை எல்லாம் உரக் கிடங்குக்குப் போகும், சாதாரணக் குப்பை சபை ட்ரெக்டருக்கு. இப்படிப் பிரிச்சாலே பெரிய மலையாத் தெரிஞ்சது பாதிக்கு மேல குறைஞ்சிரும், மிச்சம் இருக்கிறதுதான் உண்மையான பிரச்சினை. அதுல பெரியவரு டயர்.

டயர்

டயர் ஏன் நுளம்புக்கு இவ்வளவு பிடிக்குது எண்டா அத எப்படித் திருப்பி வெச்சாலும் எங்கயாவது ஒரு பக்கம் தண்ணி தேங்கும், உள்ள கறுப்பு, நிழல், காத்தும் இல்ல. ஏடிஸ் நுளம்பு முட்டைய தண்ணிக்குள்ள விடுறதில்ல, தண்ணி மட்டத்துக்கு ஒட்டின மாதிரி உள்சுவர்ல ஒட்டி வெக்கும், அந்த முட்டை காஞ்சு போய் மாசக் கணக்குல கிடந்தாலும் மழைத்தண்ணி பட்ட உடன பொரிக்கும். முட்டையில இருந்து பறக்கிற நுளம்பாக 7 இல்லாட்டி 10 நாள் காணும். அதால தண்ணியக் கவுத்து ஊத்தினது மட்டும் வேலை முடிஞ்சதாகாது, உள்பக்கத்த ஒரு கட்டைத் தும்புத்தடியால அல்லது தேங்கா மட்டையால நல்லா உரஞ்சி, வெயில்ல காயப் போட்டு, மறுகா மழை படாத இடத்துல அடுக்கணும். கூரை இல்லாட்டி தகரத்தால மூடுங்க, தகரத்த சரிச்சுப் போடுங்க, மட்டமாப் போட்டா அதுக்கு மேல தண்ணி நிக்கும்.

உரஞ்சாமலே லொறியில ஏத்தி அனுப்பினா என்ன எண்டு கேப்பீங்க. 1985ல அமெரிக்காவுல டெக்சாஸ் பக்கம் ஆசியாவுல இருக்கிற ஏடிஸ் நுளம்பு ஒரு சாதி பெருகிக் கிடந்தத கண்டுபிடிச்சாங்க, அது போய்ச் சேர்ந்தது கப்பல்ல இறக்கின பழைய டயருக்குள்ள முட்டையா. கடல் தாண்டியே போகுதெண்டா வாழைச்சேனையில இருந்து வாகரைக்குப் போறது அதுக்கு என்ன பெரிய பயணமா.

வேலைய ஆவணி புரட்டாதிக்குள்ள முடிக்கப் பாருங்க. ஐப்பசியில மழை புடிச்சா தை வரைக்கும் விடாது, அதுக்குப் பிறகு எல்லா டயரும் நிரம்பி, பாரமாகி, பாம்பும் சேந்து, கூலி ஆளும் வரமாட்டான். இப்பவே மழை தொடங்கிட்டுது, அகற்ற நேரமில்ல எண்டா குறைஞ்சது ஒவ்வொரு டயர்லயும் கீழ்ப்பக்கம் வாற இடத்துல ட்ரில்லால ஓட்டை போடுங்க, டயர்ட பக்கச் சுவர் மெல்லிசு, அங்க போடலாம், நடுவுல கம்பி இருக்கு, அதுல முயற்சி பண்ணி பிட்ட உடைக்காதீங்க.

இப்ப எங்க அனுப்புறது. முதல்ல டயர் கடைக்காரர் ஒருத்தரக் கூட்டிக்கொண்டு வந்து காட்டுங்க. லொறி, பஸ், ட்ரெக்டர் டயர்ல உள்கட்டு நல்லா இருந்தா டக் அடிக்க, அதாவது தேஞ்ச டயருக்குப் புதுசா ரப்பர் ஒட்ட எடுப்பாங்க, பக்கச் சுவர் வெடிச்சது, கம்பி தெரியிறது, வெயில்ல கன காலம் கிடந்து தோல் வெடிச்சது எல்லாம் அதுக்கு உதவாது. போட் வெச்சிருக்கிற ஆக்கள் ஜெட்டியில முட்டாம இருக்க ஒண்டு ரெண்டு கேப்பாங்க, வாழைச்சேனை துறைமுகத்துப் பக்கம் போனாப் பாக்கலாம், அதுக்குத் தேவையான அளவுக்கு மட்டும் குடுங்க, நூறு டயரக் குடுத்தா எண்பது கடலுக்குள்ளதான் போகும்.

மிச்சம் வாறது மோட்டார் சைக்கிள் டயர், த்ரீவீல் டயர், வெடிச்ச கார் டயர். இதுக்கு நம்ம நாட்டுல இருக்கிற சரியான முடிவு புத்தளம் பாலாவி சீமெந்து ஆலைட சூளை மாதிரி ஒரு இடம்தான். அங்க உள்ள போற கல்லு ஏறத்தாழ 1450 பாகை வரைக்கும் சூடாகுது, அந்தச் சூட்டுல டயர் முழுசா எரிஞ்சு எரிபொருளாகுது, உள்ள இருக்கிற கம்பி கூட இரும்பாச் சீமெந்துல சேந்திருது, புகைக்கும் வடி இருக்கு. ஆனா மட்டக்களப்புல இருந்து புத்தளத்துக்கு இருபது டயர ஏத்திப் போக எவனும் வரமாட்டான், கூலி கட்டாது. இதாலதான் தனிய நிண்டு இதச் செய்ய ஏலாது எண்டு சொல்றன். உங்கட வட்டாரத்துல டயர் கடை, பஸ் டிப்போ, சைக்கிள் கடை, கோயில் நிர்வாகம், பள்ளிவாசல் நிர்வாகம் எல்லாரையும் சேத்து ஒரு லொறி லோட் ஆகிற வரைக்கும் கூரை இருக்கிற ஒரு இடத்துல சேக்கணும், சபையிட்ட அல்லது அதிகார சபையிட்ட எழுத்துல கேட்டு, லைசன்ஸ் உள்ள ஆள வரச் சொல்லணும். ஒரு கார் டயர் 8, 10 கிலோ வரும், லொறி டயர் 50 கிலோவுக்குக் கிட்ட வரும், இத வெச்சு லோட் எவ்வளவு எண்டு முதலே கணக்குப் பாத்துச் சொன்னா அவங்களும் ஒழுங்காப் பதில் சொல்வாங்க. எல்லா டயரையும் படம் எடுத்து, சைஸ் வாரியா எண்ணி ஒரு தாள்ல எழுதிக் குடுங்க, கந்தோர்ல வாயால சொன்னது நிக்காது, தாள்தான் நிக்கும்.

செய்யக் கூடாததையும் சொல்லணும். எரிக்கிறது முதல். ஹர்த்தால் எண்டா சந்தியில டயர் எரிச்சுப் பழகின ஊர் நம்மட, அதால அது பெரிய விசயமாத் தெரியிறதில்ல. டயருக்குள்ள ரப்பர் மட்டும் இல்ல, கந்தகம், துத்தநாகம், கரித்தூள், எண்ணெய் எல்லாம் கிடக்கு, வெளியில எரியிற நெருப்பு அந்தச் சூளை மாதிரி சூடாகாது, அரைகுறையா எரிஞ்சு பென்சீன், டயொக்சின், கந்தகப் புகை எல்லாம் கக்கும். இது போக டயர் எரியக்குள்ள உருகி எண்ணெய் வடியும், அந்தக் கறுப்பு எண்ணெய் மணலுக்குள்ள நேரா இறங்கும். குப்பையத் திறந்த வெளியில எரிக்கிறத 2017லயே வர்த்தமானி போட்டுத் தடை செஞ்சிட்டாங்க. செங்கல் சூளைக்குக் குடுக்கிறதும் இதே கதைதான், கல்லு வேகும், சுத்தி இருக்கிற வீட்டுக்காரர்ட நெஞ்சும் சேந்து வேகும்.

யாரோ நெருப்பு வெச்சிட்டா வாளியில தண்ணி ஊத்திக் கொண்டிருக்காதீங்க, டயர் நெருப்பு வெளியில அணைஞ்ச மாதிரி காட்டி உள்ள இருந்து திரும்ப வரும், தண்ணி அந்த எண்ணெயையும் அடிச்சுக் கொண்டு கானுக்குள்ள போகும். எரியாத டயர முதல்ல இழுத்து விலக்குங்க, எரியிறதுக்கு மணல அள்ளி மூடுங்க, புகை போற பக்கம் நிக்காதீங்க, மாநகர சபை தீயணைப்பு ஆக்களுக்கு உடன சொல்லுங்க.

புதைக்கிறதும் சரிவராது, உள்ள காத்தும் வாயுவும் அடைபட்டு கொஞ்சக் காலத்துல மேல கிளம்பி வரும், வீடு கட்ட அத்திவாரம் வெட்டக்குள்ள இன்னொரு தரம் உங்களுக்குத்தான் வேலை. கடலுக்குள்ள போட்டா மீன் கூடு கட்டும் எண்டு சொல்ற ஆளும் இருக்காரு, நல்ல மனசோடதான் சொல்றாரு. அமெரிக்காவுல ப்ளோரிடாவுல 1970கள்ல அப்படி நினைச்சு ஏறத்தாழ 20 லட்சம் டயர கடலுக்குள்ள போட்டாங்க, கட்டின கட்டு அறுந்து டயர் எல்லாம் அலையில உருண்டு பக்கத்துல இருந்த உண்மையான பவளப்பாறையையே அடிச்சு நொறுக்கினது, இன்னும் அத அள்ளிக் கொண்டிருக்காங்க. நம்ம கரையில பாசிக்குடாவுல பவளப்பாறை கிடக்கு, அதுக்கு இருக்கிற கஷ்டம் காணும்.

பூச்சாடி, ஊஞ்சல், பள்ளிக்கூட விளையாட்டுத் திடல் எண்டு பெயின்ட் அடிச்சு வெக்கிறது பரவாயில்ல, ஓட்டை போட்டு மண் நிரப்பி வெச்சா. நாலு வருசத்துல பெயின்ட் கழண்டு திரும்பவும் அதே டயர்தான் எண்டதையும் மறக்க வேணாம். கீரை, மிளகா, கத்தரி நான் அதுக்குள்ள வெக்க மாட்டன், பூ வெக்கிறதோட நிப்பாட்டுறது நல்லம்.

பெட்டரி

இதுக்கு வழி லேசு, ஏனெண்டா இதுக்குப் பெறுமதி இருக்கு. ஒரு கார் பெட்டரிட பாரத்துல பாதிக்கு மேல ஈயம்தான், புதுசு வாங்கக்குள்ள பழசக் குடுத்தா கடையில விலை கழிப்பாங்க. நிமித்தி வெச்சு, வெடிச்சிருந்தா தடிச்ச பிளாஸ்டிக் பேசின்ல வெச்சுக் கொண்டு போங்க, உள்ள இருக்கிறது கந்தக அமிலம், சாய்ச்சு ஊத்திட்டு வெறும் பெட்டியக் கொண்டு வாங்க எண்டு சொல்ற யாவாரிக்குக் குடுக்காதீங்க. அமிலம் ஏற்கனவே சிந்திக் கிடந்தா அதுக்கு மேல அப்பச்சோடாவை அல்லது சுண்ணாம்பத் தூவுங்க, நுரைச்சு அடங்கின பிறகு கிளவுஸ் போட்டு அந்த மண்ணையும் அள்ளி தனி பேக்ல கட்டுங்க.

வலைக்கு ஈயம் வாக்கிறதுக்கு பெட்டரியக் கொத்தி அடுப்புல உருக்கிறது கரையோரத்துல இன்னும் நடக்குது. இத மட்டும் விட்டிருங்க அண்ணமாரே. ஈயப் புகையும் தூளும் முத்தத்து மண்ணுல படிஞ்சிரும், தவழ்ற புள்ளை கைய மண்ணுல வெச்சு வாய்ல வைக்கும், ஈயத்துல புள்ளைகளுக்கு இவ்வளவு வரைக்கும் பரவாயில்ல எண்ட அளவே இல்ல எண்டுதான் உலக சுகாதார அமைப்பு சொல்லுது. மூளை வளர்ச்சியத்தான் அது பிடிக்கும், காய்ச்சல் மாதிரி வெளியில தெரியாது.

கழிவொயில்

கேன்ல கிடக்கிற ஓயில கேனோடயே வெச்சிருங்க, ஒழுகினா பெரிய கேனுக்குள்ள அல்லது பெயின்ட் வாளிக்குள்ள இறக்குங்க. பெற்றோல், தின்னர், பிரேக் ஓயில், தண்ணி எதையும் அதோட கலக்காதீங்க, கலந்தா எடுக்கிற ஆளும் எடுக்க மாட்டான். பெரிய சேர்விஸ் ஸ்டேசன்கள்ல கழிவொயில் சேத்து வெச்சு விக்கிறாங்க, அவங்களிட்டக் குடுக்கலாம், யாரு அதக் கொண்டு போறாங்க எண்டு ஒரு வார்த்த கேளுங்க. வேலிக் கட்டைக்குக் கறையான் வராம ஓயில் பூசுறது நம்ம ஊர்ல பழைய பழக்கம், கிணத்தடிக் கட்டைக்குப் பூசாம விட்டாலே பெரிய புண்ணியம்.

சிந்தின இடத்துக்கு உமிய விட நல்ல சாமான் இல்ல, அம்பாறைப் பக்கம் மில்லுக்கு மில் மலையாக் கிடக்கு. தாராளமாக் கொட்டி, ஊற விட்டு, அள்ளிக் கட்டுங்க. அதுக்குக் கீழ கறுத்த மணலையும் நிறம் மாறுற வரைக்கும் வெட்டி எடுக்கணும். அந்த உமிய அடுப்புக்குப் போட வேணாம். ஓயிலுக்கு மட்டும்தான் உமி, என்ன எண்டு தெரியாத ரசாயனத்துக்கு உமி போட்டா சிலது பத்திக் கொள்ளும், அதுக்கு வெறும் காஞ்ச மணல் போதும்.

வயல் மருந்து

வட்டையில (வயல்வெளியில) இருக்கிற வாடிக் குடிலுக்குள்ள பழைய போத்தல் எப்பவும் கிடக்கும். சிலது தடை செஞ்சு எத்தனையோ வருசமானது, எண்டோசல்பான் 1998லயே நிப்பாட்டினது, பரகுவாட்டும் 2008ல தொடங்கி படிப்படியா இல்லாமப் போனது, ஆனா வாடிக் கூரையில செருகின போத்தலுக்கு வர்த்தமானி தெரியாது. வெறும் போத்தல் எண்டா மருந்து அடிக்கிற அண்டைக்கே கால்வாசித் தண்ணி விட்டு மூடிக் குலுக்கி, அந்தத் தண்ணிய டாங்கிக்குள்ளயே ஊத்தி, இப்படி மூணு தரம் கழுவி, அடியில ஓட்டை போட்டு வெச்சிரணும், ஓட்டை போடாட்டி யாரோ ஒருத்தர் மண்ணெண்ணெய் வாங்கக் கொண்டு போவாரு. வாய்க்கால்ல கழுவாதீங்க. மருந்து மிச்சம் உள்ள பழைய போத்தலக் கழுவவும் வேணாம், ஊத்தவும் வேணாம், இன்னொரு போத்தலுக்கு மாத்தவும் வேணாம், குறிப்பா சோடாப் போத்தலுக்கு. லேபிளோட அப்படியே ஒரு மூடி உள்ள வாளியில நிமித்தி அடுக்கி, நடுவுல காஞ்ச மணல் போட்டு, பூட்டு உள்ள இடத்துல வெச்சு, கமநல சேவை நிலையத்துல விவசாய போதனாசிரியரிட்ட சொல்லுங்க. அவர் மூலமாப் போனாத்தான் பீடைகொல்லிப் பதிவாளர் அலுவலகம் வரைக்கும் விசயம் போகும்.

என்னெண்டு தெரியாத கேனும் மத்ததும்

லேபிள் இல்லாத கேனத் திறந்து மணந்து பாக்கிற பழக்கம் நம்மட ஆக்களுக்கு இருக்கு, விட்டிருங்க. மூடி வீங்கி இருக்கு, உப்பிப் போயிருக்கு எண்டா கிட்டயே போகாம சுற்றாடல் அதிகார சபைக்குச் சொல்லுங்க. பைபர் போட் செய்யிற இடத்துல இருந்து வாற ரெசின் கேனையும் அத இறுக வைக்க அதோட வாற சின்னக் கட்டலிஸ்ட் போத்தலையும் ஒண்டா வெக்காதீங்க, சேந்தா சூடாகி நெருப்பும் பிடிக்கும்.

அஸ்பெஸ்டஸ் சீட்ட உடைக்காம, தண்ணி தெளிச்சு நனைச்சு, முழுசாத் தூக்கி பொலித்தீன்ல சுத்துங்க, தும்பு பறக்கிறதுதான் அதுல ஆபத்து. டியூப் பல்பும் சிஎப்எல் பல்பும் உடையாம பெட்டியில, உள்ள பாதரசம். ஊசி, சேலைன் குழாய் கண்டா கையால எடுக்காம இடுக்கியால எடுத்து தடிச்ச பிளாஸ்டிக் போத்தல்ல போட்டு பிஎச்ஐட்ட குடுங்க, கனக்கக் கிடந்தா அது வீட்டுக் கழிவு இல்ல, முறைப்பாடு போடணும்.

ஏத்தி அனுப்பக்குள்ள

எடுக்க வாற ஆளிட்ட மூணு விசயம் கேளுங்க: லைசன்ஸ், இறக்குற இடம், ரசீது. வாகன நம்பரோட லோட்ட ஒரு போட்டோ எடுங்க, அவர் முன்னாலயே எடுங்க, ஒழிச்சு எடுக்கத் தேவையில்ல. அதுக்கே சில பேர் வரமாட்டாங்க, நல்லதாப் போச்சு எண்டு விடுங்க. சபைட குப்பை ட்ரெக்டர்ல பெட்டரியையும் மருந்துப் போத்தலையும் மூட்டைக்குள்ள ஒழிச்சு ஏத்துறதும் கொட்டினவன் செஞ்ச அதே வேலைதான், கொடுவாமடுக் குப்பைமேடோ பள்ளக்காட்டுக் குப்பைமேடோ, அது போய்ச் சேர்ற இடத்துல மனிசர் கையால பிரிக்கிறாங்க. பள்ளக்காட்டுக் குப்பைமேட்டுல பிளாஸ்டிக் திண்டு எட்டு வருசத்துல ஏறத்தாழ 20 யானை செத்தது எண்டு 2022ல உலகம் முழுக்கச் செய்தி போனது, அங்க போய்க் கிடந்தது எல்லாம் நம்ம ஊர்க் குப்பைதான்.

எல்லாம் போன பிறகு மண்ணப் பாருங்க. கறுப்பு, மினுக்கம், மருந்து வாசம் இருக்கிற மண்ண வெட்டி பேக்ல கட்டி அந்தந்தக் கழிவோடயே அனுப்பணும், பள்ளத்த நிரப்ப நல்ல மணல் போடுங்க. பக்கத்துல கிணறு இருந்தா தண்ணியில எண்ணெய்ப் படலம், வாசம் பாருங்க, சந்தேகம் எண்டா குடிக்கிறத நிப்பாட்டி நீர் வழங்கல் சபையிட்ட சாம்பிள் குடுத்துப் பாருங்க, கொதிக்க வெச்சா ஓயிலும் போகாது ஈயமும் போகாது. அயல் வீட்டுக்காரருக்கும் சொல்லுங்க, அவங்கட கிணறும் அதே மணல்லதான்.

திரும்ப கொட்டாம இருக்க போர்ட் மட்டும் போட்டு வேலையில்ல, குப்பை கொட்டாதீர் எண்ட போர்டுக்குக் கீழதான் ஊர்ல பெரிய குவியலே கிடக்கு. வாகனம் உள்ள வர ஏலாமப் பண்ணணும், மெசின் பெட்டி நுழையிற அகலத்துல குறுக்க ரெண்டு கொங்கிறீட் தூண் நட்டாலே பாதி நிண்டிரும். பத்தைய வெட்டி ரோட்டுல இருந்து பாத்தா மறுகரை வேலி தெரியிற மாதிரி வைங்க, சபையில கேட்டு லைட் போஸ்ட்டுக்கு ஒரு பல்பு போடுங்க. அயல்ல யாராவது மாடு கட்ட, கச்சான் நட, வொலிபோல் விளையாட இடம் கேட்டா யோசிக்காமக் குடுங்க, ஆள் புழங்குற வளவுல யாரும் ராவுல வந்து இறக்க மாட்டாங்க. பக்கத்து டயர் கடைக்காரரிட்டயும் கராஜ்காரரிட்டயும் போய் நேராப் பேசுங்க, சண்டைக்கு இல்ல, லோட் சேக்கிற நாளச் சொல்லத்தான், அவங்களுக்கும் கடைக்குப் பின்னால இடம் இல்லாம நிக்கிற பிரச்சினைதான், அடுத்த லொறி எப்ப வருது எண்டு தெரிஞ்சா அதுவரைக்கும் தகரத்துக்குக் கீழ வெச்சிருப்பாங்க.